நீர்நிலை ஆக்கிரமிப்பைச் சட்டப்படி அகற்றுவது எப்படி? சர்வே எண் முதல் நீதிமன்ற உத்தரவு நிறைவேறும் வரை

ஏரிக்குள் வீடு கட்டுகிறார்கள், வாய்க்காலை மூடிவிட்டார்கள் என்று ஒரு பக்கம் எழுதி மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும் மனு எங்கே போகும் என்று பலருக்குத் தெரியாது. அது கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர் என்று இறங்கி, கடைசியில் கிராம நிர்வாக அலுவலரின் மேசைக்கு வந்து சேரும். 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று அவர் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டால் மனு முடிந்ததாகக் கணக்கு. கொடுத்தவரும் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்.

அந்த ஒரு வரியை எழுத முடியாமல் செய்வது ஆவணம்தான். சர்வே எண், வகைப்பாடு, பதிவேட்டில் உள்ள பரப்பு, ஆக்கிரமிக்கப்பட்ட பரப்பு ஆகிய நான்கும் இருக்கிற மனுவை மழுப்பி முடிக்க முடியாது. உயர்நீதிமன்றம் வரை போகிற வழக்கின் பலமும் பலவீனமும் வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் தமிழ்நாட்டுச் சட்டங்களை வைத்து எழுதும் இந்த வழிகாட்டியில், நீதிமன்றத்துக்கு முந்தைய வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நிலத்தின் கதையை முதலில் எடுங்கள்

தமிழ்நாடு அரசின் நில ஆவண மின்சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் அ-பதிவேட்டின் (கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணையும் பட்டியலிடும் பதிவேடு) விவரமும் புலப்படமும் (அந்த எண்ணின் எல்லை, அளவு காட்டும் வரைபடம்) கிடைக்கும். ஒரு எண் அரசுப் புறம்போக்கா என்றும் அங்கேயே பார்க்கலாம். நகரப் பகுதி என்றால் டவுன் சர்வே பதிவேட்டில் வார்டு, பிளாக் வாரியாகத் தேட வேண்டும். சர்வே எண்ணே தெரியாவிட்டால் கிராம வரைபடத்தை வாங்குங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் எல்லாம் அதில் கோடாகத் தெரியும். பக்கத்து நிலங்களின் எண்ணை வைத்து உங்கள் நீர்நிலையின் எண்ணைப் பிடித்துவிடலாம்.

அ-பதிவேட்டில் வகைப்பாடும் குறிப்புப் பத்தியும்தான் உயிர். ஏரி, குளம், கண்மாய், ஊருணி, குட்டை, ஓடை, வாய்க்கால் என்று எது இருந்தாலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட்.

இதோடு நின்றுவிடக் கூடாது. இப்போதைய அ-பதிவேடு பெரும்பாலும் யுடிஆர் (நில உடைமைப் பதிவேடுகள் மேம்பாட்டு) திட்டத்தின்போது எழுதப்பட்டது. அந்த வேலையில் தவறாகவும், சில இடங்களில் தெரிந்தேயும், நீர்நிலைப் பகுதிகள் தனியார் பெயருக்கு மாறியிருக்கின்றன. எனவே அதற்கு முந்தைய செட்டில்மென்ட் (பழைய நிலவரித் திட்ட) பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பழைய பதிவேட்டில் ஒரே எண்ணாக 'ஏரி' என்று இருந்தது, புதிய பதிவேட்டில் மூன்று உட்பிரிவாகப் பிரிந்து, அதில் ஒன்று மட்டும் புஞ்சை என்று பட்டாவாகியிருந்தால், உங்கள் வழக்கின் அடித்தளமே அந்த இரண்டு தாள்கள்தான்.

பொறுப்பு எந்தத் துறைக்கு?

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. 100 ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை பொதுவாக நீர்வளத்துறையிடம். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். ஊருணி, குட்டை போன்றவற்றை ஊராட்சி பார்த்துக்கொள்ளும். நகரங்களில் மாநகராட்சியும் நகராட்சியும். ஆனால் நிலம் அரசு நிலம் என்பதால் எல்லாவற்றிலும் வருவாய்த்துறைக்கு அதிகாரம் உண்டு. இது தெரியாமல் போனால் 'எங்கள் துறை இல்லை' என்று இரண்டு அலுவலகங்களும் உங்களை அலைக்கழிக்கும். மனுவில் இரு துறைகளையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

களத்தில் செய்ய வேண்டியது

புலப்படத்தை எடுத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர் ஒருவரோடு கரையைச் சுற்றி வாருங்கள். எல்லைக்கல் எங்கே இருந்தது, கலிங்கு (உபரி நீர் வழியும் இடம்) எது, எந்த மடை அடைபட்டது, உள்வாயில் (நீர் தேங்கும் உட்பகுதியில்) யார் எந்த வருடம் வேலி போட்டார்கள் என்பது ஆயக்கட்டு விவசாயிகளுக்கு மனப்பாடம். தேதியோடு படம் எடுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படத்தையும் பார்க்க முடியும். முப்பது வருடமாகக் குடியிருக்கிறேன் என்று சொல்பவரின் கட்டடம் பத்து வருடத்துக்கு முந்தைய படத்தில் இல்லை என்றால் அதைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டாம்.

வரத்துக்காலை மறந்துவிடாதீர்கள். எல்லோர் கண்ணும் ஏரியின் மேல் இருக்கும்போது, தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் சத்தமில்லாமல் மூடப்படுகிறது. ஏரிக்குள் ஒருவர்கூட ஆக்கிரமிக்காமல் இருந்தும் சொட்டுத் தண்ணீர் வராத கண்மாய்கள் தென்மாவட்டங்களில் நிறைய உண்டு. வாய்க்கால் பெரும்பாலும் தனி சர்வே எண்ணில், பக்கத்து கிராமத்தின் எல்லையில்கூட இருக்கும். மேலே உள்ள ஏரியின் கலிங்கிலிருந்து உங்கள் ஏரி வரை உள்ள ஒவ்வொரு எண்ணையும் எடுங்கள். உபரி நீர் வெளியேறும் கால்வாயையும் அதே போல. 2015 வெள்ளத்தில் சென்னையின் புறநகர்கள் மூழ்கியதற்கு, ஏரிகளை இணைத்த இந்தக் கால்வாய்கள் தொலைந்துபோனதும் ஒரு காரணம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம்

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 'ஆக்கிரமிப்பை ஏன் அகற்றவில்லை?' என்று கேட்டால் பதில் வராது; ஏன், எதற்கு என்பது தகவல் ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். அந்த சர்வே எண்ணின் அ-பதிவேடு, செட்டில்மென்ட் பதிவேடு நகல்கள். அங்கே வழங்கப்பட்ட பி-மெமோக்களின் (இதன் விளக்கம் கீழே) பட்டியலும் நகலும். கடைசியாக அளந்த தேதியும் அந்த அளவை அறிக்கையும். ஆக்கிரமிப்பாளருக்குக் கொடுத்த அறிவிப்புகளின் நகல். உட்பிரிவுக்கும் பட்டாவுக்கும் உத்தரவிட்ட கோப்பின் நகல்.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு. அதிலும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் காலம் இழுக்கும், அதற்காகக் காத்திருக்காமல் மற்ற வேலைகளைத் தொடருங்கள்.

பி-மெமோ பற்றி ஒரு விளக்கம். புறம்போக்கில் இருப்பவருக்கு 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி விதிக்கும் தண்டத் தீர்வைதான் அது. 'நான் வருடா வருடம் அரசுக்குப் பணம் கட்டுகிறேன்' என்று அந்த ரசீதை உரிமை ஆவணம் போலக் காட்டுவார்கள். உண்மையில் அது நேர் எதிரான சாட்சி. இந்த நிலம் அரசுடையது, நான் ஆக்கிரமித்திருக்கிறேன் என்று அவரே ஒப்புக்கொண்டதற்கான ரசீது அது.

மனு எழுதும் முறை

மனு ஒரு பக்கம், அதிகமானால் ஒன்றரைப் பக்கம். கீழே உள்ள நடையில் எழுதலாம்:

'… மாவட்டம், … வட்டம், … கிராமம், சர்வே எண் … இல் உள்ள … ஹெக்டேர் நிலம் அ-பதிவேட்டில் ஏரி என வகைப்படுத்தப்பட்டுள்ளது (நகல் இணைப்பு 1). இதில் வடமேற்குப் பகுதியில் சுமார் … ஏர் பரப்பில் வேலியும் கட்டடமும் அமைக்கப்பட்டுள்ளன (படங்கள் இணைப்பு 2). மேற்படி நிலத்தை நில அளவையர் மூலம் அளந்து எல்லைக்கல் நட்டு, 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் மற்றும் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அறிவிப்பு வழங்கி ஆக்கிரமிப்பை அகற்றி, எடுத்த நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்.'

இது போதும். 'அரசியல்வாதிகளின் துணையோடு', 'லஞ்சம் வாங்கிக்கொண்டு' என்பதெல்லாம் வேண்டாம். நிரூபிக்க முடியாத ஒரு வரி மொத்த மனுவையும் பலவீனமாக்கிவிடும். ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் வட்டாட்சியர், கோட்டாட்சியர், ஆட்சியர், நீர்வளத்துறை செயற்பொறியாளர் அல்லது வட்டார வளர்ச்சி அலுவலர் எல்லோருக்கும் அனுப்புங்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். ஆண்டுதோறும் நடக்கும் கிராமக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியும் நல்ல வாய்ப்பு, கிராமக் கணக்குகள் அன்றைக்கு அதிகாரியின் கண் முன்னே இருக்கும்.

கிராமமாக இருந்தால் கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் சபையில் நிலத்தை அளக்கக் கோரித் தீர்மானம் போட்டு, நகலை வாங்கி மனுவோடு இணையுங்கள். தீர்மானம் வந்துவிட்டால் இது ஒரு தனி மனிதரின் பகை என்று யாரும் சொல்ல முடியாது.

உயிர்ப் பாதுகாப்புக்கும் இது முக்கியம். 2019 ஜூலையில் கரூர் மாவட்டம் குளித்தலை அருகே முதலைப்பட்டியில், குள ஆக்கிரமிப்பை எதிர்த்து நீதிமன்றம் வரை போன தந்தையும் மகனும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதனால் சொல்கிறேன், தனியாக இறங்காதீர்கள். பத்துப் பேராவது கையெழுத்திடுங்கள். ஆவணங்களின் நகல் குறைந்தது மூன்று வீடுகளில் இருக்கட்டும். மிரட்டல் வந்தால் அன்றைக்கே காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அளவீட்டு நாளில் ஆக்கிரமிப்பாளரோடு வாய்த்தகராறு வேண்டவே வேண்டாம்.

எந்தச் சட்டம் எங்கே பொருந்தும்?

1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் எல்லா அரசுப் புறம்போக்குக்கும் பொருந்தும். 7ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு அறிவிப்பு, பதிலைப் பரிசீலித்த பிறகு 6ஆம் பிரிவில் வெளியேற்றம். இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டினாலும் ஆக்கிரமிப்பாளர் தடை வாங்கிவிடுவார். ஆகவே அவருக்கு முறையாக அறிவிப்பு போய்ச் சேர்ந்ததா என்று கவனிப்பது நம்முடைய வேலையும்தான்.

2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், அப்போதைய பொதுப்பணித்துறை, இப்போதைய நீர்வளத்துறை ஏரிகளுக்கானது. ஏரியை அளந்து எல்லை குறித்து, பிறகு அகற்ற வேண்டும் என்கிறது. இந்தச் சட்டம் செல்லும், ஆனால் சம்பந்தப்பட்டவருக்கு வாய்ப்புக் கொடுத்த பிறகே வெளியேற்ற வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2010இல் சொன்னது. ஊராட்சி ஒன்றிய ஏரிக்கு 2007 சட்டம் பொருந்தாது என்று கைவிரித்தால் 2015இல் வந்த முழு அமர்வுத் தீர்ப்பைக் காட்டுங்கள். அந்தச் சட்டத்துக்குள் வராத நீர்நிலைகளையும் காப்பது அரசின் கடமை என்பது அதில் தெளிவாகிவிட்டது.

இவற்றுக்கு மேலே, குளம் போன்ற பொது நிலங்களைக் காக்கச் சொல்லும் உச்ச நீதிமன்றத்தின் 2001ஆம் ஆண்டு ஹிஞ்ச் லால் திவாரி தீர்ப்பும், பஞ்சாப் கிராமக் குளம் ஒன்றைப் பற்றிய 2011ஆம் ஆண்டு ஜக்பால் சிங் தீர்ப்பும் உள்ளன. தமிழ்நாட்டின் நீர்நிலைகளைக் கண்டறிந்து பழைய நிலைக்குக் கொண்டுவர உத்தரவிட்ட 2005ஆம் ஆண்டு எல். கிருஷ்ணன் வழக்கின் தீர்ப்பை மனுவிலேயே ஒரு வரியில் குறிப்பிடலாம்.

வழக்கமாக வரும் மறுப்புகள்

'இப்போது அது ஏரியாகவே இல்லை, தண்ணீர் நின்று இருபது வருடமாகிறது.' பயன்பாடு நின்றதால் வகைப்பாடு மாறாது. தண்ணீர் வராததற்கு ஆக்கிரமிப்பே காரணம் என்றால், அந்தத் தவறின் பலனை அவருக்கே கொடுப்பது எப்படி நியாயம்?

'12 வருடம் அனுபவித்தால் சொந்தமாகிவிடும்.' அது தனியார் நிலத்துக்கு. அரசுக்கு எதிராகக் காலவரையறைச் சட்டம் சொல்வது 30 ஆண்டுகள். நீர்நிலை என்று வந்துவிட்டால் அந்த வாதத்தையும் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை, நீர்வழிப் புறம்போக்கைத் தனியாருக்கு ஒப்படை செய்யவே வருவாய் நிலை ஆணைகள் தடை விதிக்கின்றன.

'மின் இணைப்பு, வீட்டு வரி ரசீது இருக்கிறது.' இரண்டும் உரிமை தராது.

'பட்டா இருக்கிறது.' இதுதான் கனமானது. அப்போது நேராக அகற்றக் கேட்பதில் பயனில்லை, முதலில் பட்டாவை ரத்து செய்ய வேண்டும். 1983ஆம் ஆண்டுப் பட்டா பாஸ்புக் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதன்பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. யுடிஆர் பிழை என்றால் மாவட்ட வருவாய் அலுவலரிடமே திருத்தம் கோரலாம். பழைய செட்டில்மென்ட் பதிவேட்டை வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஏழைகளின் வீடுகள் இருந்தால்

ஆக்கிரமிப்பு அகற்றம் என்றதும் இயந்திரம் முதலில் போய் நிற்பது குடிசைகளின் முன்னால். அதே ஏரியில் பல ஏக்கரை மடக்கிப்போட்ட தோப்புக்கும் மண்டபத்துக்கும் கல்லூரிக்கும் யாரும் போவதில்லை. ஏரிகளின் மேல் நகரத்தையே எழுப்பிய வரலாறும் நமக்கு உண்டு. சென்னையின் தியாகராய நகர் 1920களில் மாம்பலம் நீண்ட ஏரியின் மேல் உருவானது. பேருந்து நிலையமும் அரசு அலுவலகமும் கட்ட ஏரியைத் தேடிய அரசு, போக்கிடம் இல்லாமல் கரையில் குடிசை போட்டவரை மட்டும் குற்றவாளியாக்குவது எனக்கு ஒப்பவில்லை.

எனவே மனுவிலேயே இரண்டைச் சேருங்கள். பெரிய பரப்பில் வணிகத்துக்காக ஆக்கிரமித்தவர்கள் மீது முதலில் நடவடிக்கை வேண்டும். வேறு வீடில்லாத குடும்பங்களைக் கணக்கெடுத்து, அவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் தூரத்துக்குள் மாற்று மனை கொடுத்த பிறகே வெளியேற்ற வேண்டும். இதை நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். இப்படிக் கேட்பதால் வழக்கு பலவீனமாகாது, ஊரும் இரண்டாக உடையாது.

நீதிமன்றத்துக்குப் போகும் கட்டம்

மனு கொடுத்து இரண்டு மாதம் பொறுத்தும் அசைவில்லை என்றால் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவில் உயர்நீதிமன்றம் போகலாம். மதுரை, திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர் மற்றும் தென்மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை, மற்றவர்களுக்குச் சென்னை. பொதுநல வழக்கில் உங்களுக்குச் சொந்த ஆதாயம் எதுவும் இல்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஆக்கிரமிப்பாளரோடு எல்லைத் தகராறோ சிவில் வழக்கோ இருந்தால் மறைக்காதீர்கள், அது வெளிவந்த நிமிடமே வழக்கின் மதிப்பு போய்விடும்.

ஆக்கிரமிப்பாளர்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். அவர்களைக் கேட்காமல் பெற்ற உத்தரவு நிற்காது. கோரிக்கையைக் குறிப்பாக வையுங்கள். 'என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்' என்று மட்டும் கேட்டால், சில வாரங்களுக்குள் பரிசீலிக்கவும் என்ற உத்தரவே கிடைக்கும். அதிகாரி பரிசீலித்து நிராகரித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அளந்து அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும், அதன்படி குறித்த காலத்துக்குள் அகற்ற வேண்டும், நிறைவேற்றியதைப் படத்துடன் தெரிவிக்க வேண்டும் என்று கேளுங்கள். வழக்கறிஞர் கட்டணம் முடியாதென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

கழிவு கொட்டி நிரப்புவது, சதுப்பு நிலத்தை மூடுவது என்று சூழல் கேடும் சேர்ந்திருந்தால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு பொருத்தமான இடம். தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் போனால் பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். வாய்க்காலை மறித்து ஊருக்குள் தண்ணீர் நிற்கிறது போன்ற அவசரத்துக்கு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133தான் இது.

எதிர்த்தரப்பு உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணைக்குப் போவதும் வழக்கம். அரசு வழக்கறிஞர் சும்மா இருந்துவிட்டால் ஒருதலையாகத் தடை வந்துவிடும். அந்த வழக்கில் உங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்க மனு போடுங்கள். வீடு இடிப்புக்கு 15 நாள் அறிவிப்பு கட்டாயம் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2024 நவம்பர் தீர்ப்பைச் சிலர் காட்டுவார்கள். அந்த வழிமுறைகள் நீர்நிலைகளில் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்குப் பொருந்தாது என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் 1905, 2007 சட்டங்கள் கேட்கும் அறிவிப்பு அப்போதும் தேவை.

உத்தரவு வந்த பிறகு

பலரும் இங்கே ஓய்ந்துவிடுகிறார்கள். உத்தரவின் சான்று நகலை ஒரு கடிதத்தோடு ஒவ்வொரு அதிகாரிக்கும் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். நீதிமன்றம் கொடுத்த கெடு முடிந்த தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். நிறைவேற்றாவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு மனு போடலாம், அதற்கு ஒரு வருடம்தான் காலக்கெடு. 'பேசிக்கொண்டிருக்கிறோம், தேர்தல் முடியட்டும்' என்று இழுத்து அந்த வருடத்தைக் கடத்திவிடுவார்கள்.

அகற்றும் நாளில் அளவையர் எல்லைக்கல் நட்ட பிறகே இயந்திரம் உள்ளே போகட்டும். இடித்த மண்ணும் கல்லும் ஏரிக்குள்ளேயே கிடந்தால் அது நிரப்பிக் கொடுத்தது போலாகிவிடும், வெளியேற்றச் சொல்லுங்கள். எல்லை நெடுகக் கரை போட்டு, பனை விதை ஊன்ற ஊராட்சியைக் கேளுங்கள். பிறகு வட்டாட்சியருக்கு ஒரு மனு: தவறான உட்பிரிவை நீக்கி அ-பதிவேட்டிலும் புலப்படத்திலும் திருத்த வேண்டும். சார்பதிவாளருக்கு ஒரு மனு: இந்த சர்வே எண்ணில் எந்தக் கிரயமும் பதிவாகக் கூடாது, அரசு நிலத்துக்கான ஆவணங்களை மறுக்க அவருக்குப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவில் அதிகாரம் உண்டு. மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும் அதே எண்ணைக் கொடுத்து, இணைப்பும் வரி ரசீதும் தரக் கூடாது என்று எழுதுங்கள். நீர்நிலை நிலங்களுக்குப் பத்திரப்பதிவும் மின் இணைப்பும் கூடாது என்று உயர்நீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது, அதைச் சுட்டிக்காட்டுங்கள். மூன்று மாதம் கழித்து இணையத்தில் அந்த எண்ணைப் போட்டு, திருத்தம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி ஒரு தகவல் உரிமை மனு, இந்த முறை திருத்தக் கோப்பின் நகலைக் கேட்டு.